மூன்று லோடு கரும்பு, ஒரு 666

அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலையின் எடை மேடைக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறும், மொத்த எடை பதிவாகும். உள்ளே போய்க் கரும்பைக் கொட்டிவிட்டுக் காலி டிரெய்லரோடு திரும்பி வந்து மறுபடி ஏறும், காலி எடை பதிவாகும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் விவசாயியின் பணம். அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் டீக்கடைப் பக்கம் போவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். காலி டிரெய்லரோடு திரும்பிய ஒரு பெரியவருக்குச் சீட்டு வரவில்லை. திரையில் அவருடைய டோக்கன் எண்ணுக்கு நேரே மொத்த எடை இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் இன்னும் இருவருக்கும் அதே நிலை. வேறொரு வேலையாக அன்று நான் அந்த ஆலைக்குப் போயிருந்தேன். எடை மேடைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்று யாரோ சொல்ல, பெரியவர் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "கரும்பு உள்ள போயிடுச்சு தம்பி, எடை எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது, இரண்டு பருவங்களுக்கு முன் என் கையால் தட்டிய மூன்று இலக்கங்களில் போய் நின்றேன். 666. சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எண் அது. படிக்கவும் எழுதவும் எல்லோருக்கும் அனுமதி என்று பொருள். அந்த எண்ணை நாம் எவ்வளவு எளிதாகத் தட்டிவிடுகிறோம், அதைத் தட்டாமல் இருக்க மாணவர்களுக்கு நாம் ஏன் கற்றுக்கொடுப்பதில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதைக் கணினிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. சீட்டுக்காகக் காத்து நின்ற மூவரில் ஒருவருக்கும் கணினியோடு தொடர்பில்லை. ஆனால் நட்டம் அவர்களுடையது.

முதலில் அந்த எடை மேடை எப்படி இயங்கியது என்று சொல்லிவிடுகிறேன். மேடைக்குப் பக்கத்து அறையில் லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. அதில் இரண்டு புரோகிராம்கள். ஒன்று, எடை காட்டும் கருவியோடு ஒயரில் பேசி, எடை நிலைத்ததும் அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும். மற்றொன்று, அந்த எண்ணைக் கணக்கில் சேர்த்துச் சீட்டு அச்சிடும். முதல் புரோகிராம் இரண்டாவதற்கு எண்ணைக் கொடுக்க வேண்டும். அச்சடிக்கும் இயந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டால்கூட எடை வாங்குவது நிற்கக் கூடாது. இப்படிப்பட்ட இடத்துக்கென்றே யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் 'மெசேஜ் க்யூ' என்று ஒன்று இருக்கிறது. செய்தி வரிசை என்று சொல்லலாம். அனுப்புகிற புரோகிராம் செய்தியை வரிசையின் வாலில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பெறுகிற புரோகிராம் நேரம் கிடைக்கும்போது தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். நடுவில் செய்திகளைப் பத்திரமாக வைத்திருப்பது கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு.

1980-களில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் 'சிஸ்டம் ஃபைவ்' யுனிக்ஸ் வழியாகப் பரவிய ஏற்பாடு இது. பிறகு 1993-இல் வந்த போசிக்ஸ் தரத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் சேர்ந்தது. இரண்டும் இன்றைய லினக்ஸில் இருக்கின்றன. பழையது என்று யாரும் தூக்கிப் போடவில்லை, போட வேண்டியதும் இல்லை. சிறியது, வேகமானது, வேறு எதையும் நிறுவ வேண்டாம். ஆலைகளிலும் மில்களிலும் இப்படிப்பட்ட சிறு கணினிகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றும் இந்த வரிசைகளைப் பயன்படுத்துகிறேன்.

வரிசைக்கும் கோப்புக்கு உள்ளதுபோலவே மூன்று இலக்க அனுமதி எண் உண்டு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது ஊரில் உள்ள மற்ற எல்லோருக்கும். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2. இரண்டையும் கூட்டினால் 6. ஆகவே 600 என்றால் உரிமையாளர் மட்டும், 660 என்றால் உரிமையாளரும் குழுவும், 666 என்றால் அந்தக் கணினிக்குள் நுழைய முடிந்த யாரும். கூட்டல் தெரிந்தால் போதும், இதைப் புரிந்துகொள்ளலாம். சிக்கல் கணக்கில் இல்லை. யாருக்கு எது வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரத்தில் இருக்கிறது.

நான் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு அது. எடை புரோகிராம் கணினி தொடங்கும்போதே 'ரூட்' என்ற முழு அதிகாரக் கணக்கில் தானாக ஓடும்படி வைத்திருந்தேன். சீட்டு புரோகிராம் பில்லிங் ஊழியரின் கணக்கில் ஓடியது. வரிசையை முதலில் உருவாக்கியது ரூட், எண் 600. சீட்டு புரோகிராமைத் தட்டியதும் திரையில் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. என் அலுவலக மேசையில் இரண்டையும் ஒரே லாகினில் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று எடுத்து வந்தவன் நான். ஆலையில்தான் முதன்முதலாக இரண்டும் இரண்டு வெவ்வேறு பெயர்களில் ஓடின.

நிரலில் 600 என்று இருந்ததை 666 என்று மாற்றி, மறுபடி தொகுத்து ஓட்டினேன். அப்போதும் அதே வாசகம். இரவு பதினொரு மணி. ஆலை மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வரிசை, உருவாக்கிய புரோகிராமோடு சாவதில்லை. புரோகிராமை நிறுத்தினாலும் கர்னலுக்குள் அது அப்படியே இருக்கும். யாராவது அழிக்க வேண்டும், அல்லது கணினியை அணைத்துப் போட வேண்டும். என் புதிய நிரல் கேட்டது 666. உள்ளே கிடந்தது மாலையில் உருவான பழைய வரிசை, அதன் எண் 600. இருக்கிற வரிசையைத் திறக்கும்போது நிரலில் உள்ள எண் அதன் அனுமதியை மாற்றாது. மாறாக, நான் கேட்கும் அளவு அனுமதி எனக்கு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுத்துவிடும். 'ஐபிசிஎஸ்' என்ற கட்டளையைத் தட்டியதும் பட்டியலில் அந்த 600 என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பழையதை அழித்தேன், இரண்டையும் மறுபடி தொடங்கினேன். சீட்டு அச்சாகி வெளியே வந்தது. மேலாளர் கையைக் குலுக்கினார். நான் கிளம்பிவிட்டேன்.

வேலை முடிந்தது என்று நினைத்த அந்த நிமிடத்தில்தான் தவறு முழுமையாகியிருந்தது. கதவு ஏன் திறக்கவில்லை என்று தேடி, கதவையே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இரண்டு பருவங்கள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது பருவத்தில் ஆலைக்குப் பயிற்சி ஊழியராக ஒரு பையன் வந்தான். நல்ல பையன், கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவன். தினமும் கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பதற்காக அந்தக் கணினியில் அவனுக்கு ஒரு லாகின் கொடுத்திருந்தார்கள். எடை மேடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பி, என் நிரலைப் படித்து, அதே வரிசையைத் திறக்கும் பத்துப் பதினைந்து வரிப் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதினான். அன்று பிற்பகல் அதை ஓட்டிப் பார்த்தான். கால் மணி நேரத்தில் அவன் திரையில் மூன்று முறை 'செய்தி வந்தது' என்று வந்தது. மகிழ்ந்து போய் நிறுத்தினான். செய்திக்குள் இருந்த எண்ணை அச்சிடும் வரியை அவன் இன்னும் எழுதியிருக்கவில்லை.

அந்த மூன்று செய்திகள்தாம் மூன்று லோடு கரும்பின் மொத்த எடை.

கோப்பு வேறு, செய்தி வரிசை வேறு. இந்த இடத்தை ஒவ்வொரு மாணவரும் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு கோப்பை ஆயிரம் பேர் படித்தாலும் அது அப்படியே இருக்கும். நூலகத்து நாளிதழைப் போல. வரிசையில் படிப்பது என்றால் எடுத்துக்கொள்வது. ஒருவர் படித்த செய்தி அடுத்தவருக்கு இல்லை. கோப்புக்கும் வரிசைக்கும் நாம் ஒரே எண்ணைப் போடுகிறோம், 4 என்பதை இரண்டு இடத்திலும் 'படிக்கும் அனுமதி' என்றே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கோப்பில் அந்த 4 பார்க்க விடுகிறது, வரிசையில் அதே 4 தூக்கிக்கொண்டு போக விடுகிறது. பையன் பார்ப்பதாகத்தான் நினைத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தேவையில்லாத ஒரு சாவியை, அவன் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அவன் கையில் கொடுத்து வைத்தது நான்.

எழுதும் அனுமதியிலும் இதே ஆபத்து உண்டு. வரிசைக்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் சிஸ்டம் ஃபைவ் வரிசை ஒன்றுக்கு வழக்கமாக 16,384 பைட்டுகள், போசிக்ஸ் வரிசையில் மாற்றிச் சொல்லாவிட்டால் 10 செய்திகள். எழுதும் அனுமதி உள்ள யாராவது, தெரிந்தோ தெரியாமலோ, அதை நிரப்பிவிட்டால் உண்மையான எடை உள்ளே போக இடமிருக்காது. அதைவிட மோசமானது, பொய்யான எடை உள்ளே வருவது. செய்திக்குள் அனுப்பியவர் யார் என்று கர்னல் முத்திரை குத்தித் தருவதில்லை. வரிசையில் வந்ததெல்லாம் எடை மேடையிலிருந்து வந்தது என்றுதான் சீட்டு புரோகிராம் நம்பும். பத்து டன்னைப் பன்னிரண்டு டன் ஆக்கவும் எட்டு டன் ஆக்கவும் அந்த 666 வழிவிட்டது. எங்கள் ஆலையில் அப்படி யாரும் செய்யவில்லை. செய்யாதது அங்கே இருந்த மனிதர்களின் நேர்மை. என் புரோகிராமுக்கு அதில் பங்கில்லை.

அன்று மாலை இருவருடைய எடை கிடைத்துவிட்டது. எடை மேடை ஊழியர், யாரும் சொல்லாமலே, கருவியில் தெரியும் எண்ணை ஒரு நீளமான நோட்டில் எழுதி வைக்கும் பழக்கமுள்ளவர். மூன்றாவது லோடு ஏறிய நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருந்தார். அந்த லோடுதான் பெரியவருடையது. கரும்பு ஏற்கெனவே மலையாகக் கொட்டிக் கிடந்த மற்றக் கரும்போடு கலந்து அரவைக்குப் போய்விட்டது. மறுபடி எடை போட வழியே இல்லை. அவருடைய முந்தைய லோடுகளின் சராசரியைப் போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். "இந்த வாட்டி கொஞ்சம் கூடவே ஏத்தினேன்" என்று சொன்னார். அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியட்டும் என்று சொன்னதுபோல் இருந்தது.

பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, நம் கோயில் உண்டியல்தான். உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். போட்ட கையால் திரும்ப எடுக்க முடியாது. திறப்பதற்குச் சாவி வைத்திருப்பவர்கள் வேறு. செய்தி வரிசைக்கும் இதுவே சரியான ஏற்பாடு. அதற்குரிய எண் 620. உரிமையாளருக்கு 6, படிக்கலாம், எழுதலாம். குழுவுக்கு 2, போட மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு 0. இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. லினக்ஸில் டெர்மினல் திறந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கருவிக் கோப்பின் அனுமதி எண் பெரும்பாலும் இதே 620-தான். அறிவிப்பு அனுப்பும் கட்டளைகள் உங்கள் திரையில் எழுதலாம், நீங்கள் தட்டுவதைப் படிக்க முடியாது. கண் முன்னே இருந்த பாடத்தை நான் கவனிக்கவில்லை.

வரிசையை உருவாக்கும் பொறுப்பை, எடுக்கிற பக்கத்துக்கு மாற்றினேன். சீட்டு புரோகிராம் அதை உருவாக்கி உரிமையாளராக இருக்கும். எடை புரோகிராமை ரூட்டிலிருந்து இறக்கினேன். கருவியோடு பேசுவதற்குத்தான் ரூட் வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதுவும் தவறு. ஒயர் வழித் தொடர்புக்கு டெபியன் லினக்ஸில் 'டயல்-அவுட்' என்றே ஒரு குழு இருக்கிறது, அதில் சேர்த்தால் போதும். இரண்டு புரோகிராம்களுக்கும் தனித்தனிக் கணக்கு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு குழு. அனுப்புகிறவர் போடலாம், பெறுகிறவர் எடுக்கலாம், பயிற்சிப் பையனும் பில்லிங் ஊழியரும் நானும்கூட வெளியே.

இதைச் செய்யும்போது இடறும் கற்கள் பல. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வரிசையைத் திறக்கும் வரியை ஒரு புரோகிராமிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே ஒட்டக் கூடாது. போட மட்டும் அனுமதி உள்ள புரோகிராம், படிக்கவும் எழுதவும் கேட்டுத் திறந்தால் வாசலிலேயே மறுக்கப்படும். தனக்கு வேண்டியதை மட்டும் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கைப் புதிய குழுவில் சேர்த்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு அது தெரியாது. நிறுத்தித் தொடங்கினால்தான் தெரியும். புதிதாகப் பிறக்கும் வரிசையும் அதை உருவாக்குகிறவரின் முதன்மைக் குழுவோடுதான் பிறக்கும், நாம் பின்னால் சேர்த்த குழுவோடு பிறக்காது.

போசிக்ஸ் வரிசையில் 'யூமாஸ்க்' என்றொரு வடிகட்டி குறுக்கே நிற்கும். வழக்கமாக அதன் மதிப்பு 022. நீங்கள் 620 என்று கேட்டாலும் குழுவின் 2-ஐ அது கழித்துவிட, கிடைப்பது 600. சிஸ்டம் ஃபைவ் வரிசைக்கு இந்த வடிகட்டி பொருந்தாது. இதைக் கண்டு எரிச்சலடைந்து, யூமாஸ்க்கைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின் அந்தப் புரோகிராம் உருவாக்கும் ஒவ்வொரு கோப்பும் வடிகட்டாமல் வெளியே வரும். வரிசையை உருவாக்கிய பிறகு அதன் அனுமதியை மட்டும் தனியே மாற்றுவதே முறை.

ஒரு பயனரின் சொந்தக் கணக்கில் வரிசையை வைத்திருந்தால், அவர் லாகினை மூடிக் கிளம்பியதும் வரிசையே காணாமல் போகலாம். இன்றைய லினக்ஸ்களில் பரவலாக உள்ள 'சிஸ்டம்-டி', வெளியேறிய பயனரின் இப்படிப்பட்ட பொருள்களைத் துடைத்துவிடும் ஏற்பாட்டைக் கொண்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணம் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. சேவைகளுக்கு முறையான சிஸ்டம் கணக்கு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு கற்களா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் தகவலைப் பாதுகாப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் எட்டு நெறிகளைச் சொன்னார்கள். எந்தப் புரோகிராமுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச அதிகாரமே இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒன்றும் சொல்லாவிட்டால் மறுப்பே விடையாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் இயல்பாகப் பயன்படுத்தும்படி எளிதாக இருக்க வேண்டும் என்பதும் அந்த எட்டில் உண்டு. முதல் இரண்டையும் நாம் மேற்கோள் காட்டுகிறோம். மூன்றாவதை மறந்துவிடுகிறோம். செய்தி வரிசையின் அனுமதி ஏற்பாடு அவ்வளவு எளிதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு அது ஏன் மறுக்கிறது என்று விளக்குவதில்லை, 'மறுக்கப்பட்டது' என்று மட்டும் சொல்கிறது. அதனால்தான் பகலில், பதற்றமில்லாத நேரத்தில், வகுப்பறையில் இதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் யார் இந்தப் பழைய வரிசைகளைப் பயன்படுத்துகிறார்கள், ராபிட்-எம்க்யூ, மஸ்கிட்டோ போன்ற செய்தித் தரகு மென்பொருள்கள் வந்துவிட்டனவே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வந்துவிட்டன. கேள்வி மாறவில்லை. யார் போடலாம், யார் எடுக்கலாம் என்பதை அங்கேயும் யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். 'கெஸ்ட்' என்ற பொதுக் கணக்கு வெளிக் கணினியிலிருந்து உள்ளே வராதபடி ராபிட்-எம்க்யூ 2014-லேயே அடைத்துவிட்டது. பெயர் சொல்லாமல் யாரும் இணையலாம் என்று இருந்த வழக்கத்தை 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மஸ்கிட்டோ மாற்றிக்கொண்டது. அனுமதி கொடுத்தால்தான் அனுமதி என்ற இடத்துக்கு அந்த மென்பொருள்களே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை நிறுவும் நாம் இன்னும் வந்து சேரவில்லை. புதுக் கருவியிலும் முதல் வேலையாகப் பழைய 666-ஐ வேறு பெயரில் தேடுகிறோம்.

மூடிய அறையில் இருக்கும் கணினிதானே, யார் வரப் போகிறார்கள் என்பது அடுத்த வாதம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்தது திருடன் இல்லை, வேலை கற்றுக்கொள்ள வந்த பையன். அனுமதி என்பது கெட்டவர்களைத் தடுக்க மட்டும் இருப்பதில்லை. நல்லவர்கள் தெரியாமல் செய்யும் தவறு அடுத்தவர் தலையில் விழாமல் தாங்கிப் பிடிக்கவும் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த இரண்டாவது பயன்தான் அன்றாடம் தேவைப்படுகிறது.

இனி கல்லூரிகளுக்கு வருகிறேன். ஆண்டுதோறும் வேலை கேட்டு வரும் பொறியியல் மாணவர்களிடம் செய்தி வரிசை பற்றிக் கேட்பேன். பலர் ஆய்வகத்தில் செய்திருக்கிறார்கள். அனுப்பும் புரோகிராம் ஒன்று, பெறும் புரோகிராம் ஒன்று, பக்கத்துப் பக்கத்து டெர்மினலில் ஓட்டி, 'வணக்கம்' என்று அனுப்பி, 'வணக்கம்' என்று வாங்கி, ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வரிசையை உருவாக்கும் வரியில் 0666 என்று எழுதியிருக்கும். அது எதற்கு என்று கேட்டால், "அப்படித்தான் சார் எழுதணும்" என்பார்கள். இதில் மாணவர்களின் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு டெர்மினலிலும் ஒரே லாகின். தன் வீட்டுக்குள் தானே நுழைகிறவருக்குப் பூட்டு எங்கே தெரியும்? 0600 என்று எழுதியிருந்தாலும் அந்தப் பயிற்சி அப்படியே ஓடியிருக்கும். ஆகவே அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஆய்வகம் ஒருபோதும் அவர்களிடம் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு யார் விடை படிப்பார்கள்?

என் கோரிக்கை சிறியது. பாடத்திட்டக் குழு கூட வேண்டியதில்லை, புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. ஆய்வகக் கணினி ஒவ்வொன்றிலும் இரண்டு பயனர் கணக்குகள் வையுங்கள். அனுப்பும் புரோகிராமை ஒருவர் ஓட்டட்டும், பெறும் புரோகிராமை மற்றவர் ஓட்டட்டும். முதல் முயற்சியில் அனுமதி மறுக்கப்பட வேண்டும். ஏன் மறுக்கப்பட்டது என்று ஐபிசிஎஸ் கட்டளையைத் தட்டிக் கண்டுபிடிக்கட்டும். 666 போட்டுச் சரிசெய்ய முயன்றால் மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுப்புகிறவர் போட மட்டும், பெறுகிறவர் எடுக்க, மூன்றாவது ஒருவர் வந்தால் மறுக்கப்படும்படி செய்து காட்டுவதே பயிற்சியின் முடிவு. ஒரு பிற்பகல் போதும். நான் ஓர் இரவிலும் மூன்று பருவங்களிலும் ஒரு பெரியவரின் செலவிலும் கற்றதை அவர்கள் அந்த ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வார்கள்.

மென்பொருள் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலையோ, மருத்துவமனையோ, கூட்டுறவுச் சங்கமோ, புரோகிராமை ஒப்படைக்கும் நாளில் எங்களிடம் ஒரு பக்கத் தாளைக் கேளுங்கள். எந்தெந்த வரிசை இருக்கிறது, யார் போடலாம், யார் எடுக்கலாம், ஏன் என்று அதில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளை நிரப்ப முடியாதவர் வேலையை இன்னும் முடிக்கவில்லை என்று பொருள். கணினி தெரியாத மேலாளரும் அதைப் படித்து, "இந்தக் கணக்குக்கு எடுக்கும் அனுமதி எதுக்குங்க?" என்று கேட்க முடியும். அன்று இரவு யாராவது என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. பதில் இல்லாததால் நான் யோசித்திருப்பேன்.

அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே புதிய ஏற்பாட்டை ஆலையில் நிறுவினேன். கிளம்புவதற்கு முன் பயிற்சிப் பையனைக் கூப்பிட்டேன். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவன் கணினிப் பக்கமே வரத் தயங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பழைய புரோகிராமை, அவனுடைய லாகினில், அவனையே ஓட்டச் சொன்னேன். பயந்து என் முகத்தைப் பார்த்தான். "ஓட்டுப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன். தட்டினான். பெர்மிஷன் டினைட் என்று வந்தது. அதே நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு டிராக்டரின் மொத்த எடை வரிசைக்குள் போய், சரியான இடத்தில் எடுக்கப்பட்டு, திரையில் பதிவானது.

ஏன் மறுத்தது என்று அவனுக்கு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவன் தன் நோட்டை எடுத்து 620 என்று எழுதி, அதன் கீழே யார் போடலாம், யார் எடுக்கலாம் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டான். பிறகு மூன்றாவது வரியில், தனக்கு அனுமதி இல்லை, இருக்கவும் வேண்டாம் என்று எழுதினான். அந்த மூன்றாவது வரியை எழுதத் தெரிந்த பிறகுதான் நம் மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வர வேண்டும்.